கூட்டணிக்கு ஓட்டு, ஆட்சி யாருக்கு?

எங்கள் மாதவரத்தில் நாலு பெரியவர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் முதலில் முழங்கால் வலி, அப்புறம் பென்ஷன், அதற்கப்புறம் கூட்டணி ஆட்சி. இப்போது இதுதான் வரிசை. 2024 அக்டோபரில் விக்கிரவாண்டி மாநாட்டில் விஜய், தன்னோடு வருகிறவர்களுக்கு ஆட்சியிலும் பங்கு உண்டு என்று பேசியதிலிருந்து பேச்சு சூடு பிடித்தது. 2025 ஏப்ரலில் அமித் ஷா சென்னைக்கு வந்து அ.தி.மு.க., பா.ஜ.க. கூட்டணியை அறிவித்தார். சில நாள் கழித்து எடப்பாடி பழனிசாமி, கூட்டணிதான், கூட்டணி ஆட்சி இல்லை என்றார். எதிர்ப்பக்கம் காங்கிரஸ்காரர்கள் சிலர் பங்கு கேட்டார்கள், தி.மு.க. காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கூட்டணி உண்டு, கூட்டணி ஆட்சி கிடையாது. ஐம்பது வருஷமாக இரண்டு பெரிய கட்சிகளும் சொல்லி வருவது இதைத்தான். எனக்கு இது ஒப்பவில்லை. ஏன் என்று எழுதிவிடுகிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தரும் அதிகாரத்துக்கு ‘மாந்தா’ என்று பெயர். தபாலில் வரும் மணியார்டருக்கும் அதே பெயர்தான். எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய கிழவிகள் தபால்காரரை நிறுத்தி ‘மாந்தா வந்துச்சா?’ என்று கேட்பார்கள். மணியார்டரில் அனுப்புகிறவர் பெயர், வாங்குகிறவர் பெயர், தொகை எல்லாம் எழுதியிருக்கும். ஓட்டுச் சீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. பிரான்சின் 1958 அரசியல் சட்டம் 27ஆவது பிரிவில் ஒரு படி மேலே போய், உறுப்பினரை இப்படித்தான் நடக்க வேண்டும் என்று கட்டிப்போடும் மாந்தா செல்லாது என்றே சொல்லிவிட்டது. அதில் நியாயம் உண்டு. யாருக்கும் பெரும்பான்மை வராத சபையில் ஒவ்வொருவரும் ஒரு அங்குலம்கூட நகர மாட்டேன் என்றால் அரசாங்கமே அமையாது. ஆனால் நகர்வதற்கு உரிமை இருக்கிறது என்றால் மறைப்பதற்கும் உரிமை இருக்கிறது என்று ஆகிவிடுமா?

நம் மாநிலத்தில் இந்தக் கதை முதல் பொதுத் தேர்தலிலேயே ஆரம்பித்துவிட்டது. 1952. சென்னை ராஜ்யம் அப்போது ஆந்திரமும் மலபாரும் சேர்ந்தது. 375 இடத்தில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜாவே தோற்றுப்போனார். கம்யூனிஸ்டுகளும் மற்றவர்களும் டி. பிரகாசம் தலைமையில் ஐக்கிய ஜனநாயக முன்னணி என்று கூடி, எங்களிடம் 166 பேர் இருக்கிறார்கள், எங்களைக் கூப்பிடுங்கள் என்றார்கள். ஆளுநர் ஸ்ரீபிரகாசா கூப்பிட்டது ராஜாஜியை. அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. மேலவைக்கு நியமன உறுப்பினராக்கி முதலமைச்சர் ஆக்கினார்கள்.

எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? தென்னாற்காடு, வடாற்காடு பக்கம் காங்கிரஸை எதிர்த்து ஜெயித்த இரண்டு கட்சிகள் இருந்தன. ராமசாமி படையாச்சியின் உழைப்பாளர் கட்சிக்கு 19, மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6. தி.மு.க. அந்தத் தேர்தலில் நிற்கவில்லை. திராவிட நாடு கோரிக்கையை ஆதரிப்போம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்களுக்கு அது ஆதரவு தந்தது. இந்த இரண்டு கட்சிகளும் அந்த ஆதரவைப் பெற்றவைதான். கடைசியில் காமன்வீல் கட்சி ராஜாஜி பக்கம் போயிற்று. மாணிக்கவேலு நாயக்கர் மந்திரி ஆனார். ஜூலையில் நம்பிக்கை வாக்கெடுப்பில் 200 பேர் ஆதரவு, 151 பேர் எதிர்ப்பு.

சபையில் 200 பேர் கை தூக்கிவிட்டார்கள், சட்டப்படி சரி. ராஜாஜியும் சும்மா இருக்கவில்லை. உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார், ஜனங்கள் மூச்சு விட்டார்கள். ஆனால் 1953இல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். அதைச் சொல்லி எந்தக் கட்சியும் எந்தத் தெருவிலும் ஓட்டுக் கேட்கவில்லை. நாடே கொதித்தது, 1954இல் அவர் விலகினார், காமராஜர் வந்து திட்டத்தைத் தூக்கிப் போட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்த ஒரு மூத்த சூப்பரிண்டென்டென்ட் இதைச் சொல்லும்போதெல்லாம், “ஃபைல்ல இல்லாத ஆர்டர் நிக்காதுய்யா” என்பார். அவர் ராஜாஜி பக்தர் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆளுநர் யாரை முதலில் கூப்பிடுவது என்கிற சண்டைக்கு 1994இல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓரளவு வழி சொல்லிவிட்டது. பலம் யாருக்கு என்பதைச் சபையில்தான் எண்ண வேண்டும், ராஜ்பவனில் அல்ல. அது நல்லது. ஆனால் எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கும் பேரத்தை நாம் பார்ப்பதற்கு அந்தத் தீர்ப்பு உதவாது.

2006க்கு வருவோம். 234இல் தி.மு.க.வுக்கு 96. தேவை 118. காங்கிரஸ் 34, பா.ம.க. 18, இரண்டு கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து 15. எல்லோரும் ஒரே மேடையில் நின்று ஓட்டுக் கேட்டவர்கள். ஆனால் மந்திரிசபை முழுக்க தி.மு.க. மற்றவர்கள் வெளியிலிருந்து ஆதரவு. ஜெயலலிதா அஞ்சு வருஷமும் ‘மைனாரிட்டி தி.மு.க. அரசு’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அரசு என்னவோ விழவில்லை. 2008இல் இடதுசாரிகளும் பா.ம.க.வும் பிரிந்த பிறகும் 96ஐயும் 34ஐயும் கூட்டினால் 130. கலைஞருக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டுமா?

இதே தி.மு.க. அந்த நேரத்தில் டெல்லியில் என்ன செய்தது என்று பாருங்கள். 2004இல் 16 எம்.பி.க்களை வைத்துக்கொண்டு மன்மோகன் சிங் மந்திரிசபையில் இடம் வாங்கியது. அதோடு நிற்கவில்லை. குறைந்தபட்ச பொதுச் செயல்திட்டம் என்று அச்சடித்த காகிதத்தில் தமிழைச் செம்மொழி ஆக்குவோம் என்று எழுத வைத்தது. அதே வருஷம் அக்டோபரில் அறிவிப்பு வந்துவிட்டது. நூறு நாள் வேலை உறுதியும் அந்தக் காகிதத்தில் இருந்ததுதான். தகவல் அறியும் சட்டத்தைப் பலப்படுத்துவதும் அதில் இருந்தது. 2005இல் அந்தச் சட்டம் வந்த பிறகு எங்கள் செக்ஷனில் பூட்டி வைத்திருந்த பீரோக்களைத் திறக்க வேண்டியதாயிற்று, அது தனிக் கதை.

ஆக, டெல்லியில் எழுதி வாங்கத் தெரிந்தவர்கள் கோட்டையில் எழுதிக் கொடுக்க மாட்டோம் என்கிறார்கள். அ.தி.மு.க.வும் இந்த விஷயத்தில் வித்தியாசமாக இல்லை. எங்கள் வடசென்னைக்கு இதில் என்ன நஷ்டம் என்றால், கூட்டணிக்காக எங்கள் தெருவுக்கு வருகிற சின்னக் கட்சி வேட்பாளர், எண்ணூர் கழிமுகத்துச் சாம்பலை அகற்றுவோம், கொசஸ்தலை ஆற்றை மீட்போம் என்கிறார். நம்பி ஓட்டுப் போடுகிறோம். ஜெயித்த பிறகு அவர் கட்சிக்கு மந்திரி இல்லை, இலாகா இல்லை, பெரிய கட்சி எழுதிக் கொடுத்த ஒரு வரியும் இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து எண்ணூர் மீனவர்களின் வலையும் படகும் கறுத்தபோது, அவரால் செய்ய முடிந்தது ஒரு அறிக்கை விடுவது. வாக்குறுதி ஒருவருடையது, அதிகாரம் இன்னொருவருடையது.

என் சொந்த ஊரில் நடந்தது இதைவிட மோசம். 2011இல் ரங்கசாமியின் என்.ஆர். காங்கிரஸும் அ.தி.மு.க.வும் சேர்ந்து நின்றன. 30இல் என்.ஆர். காங்கிரஸுக்கு 15, அ.தி.மு.க.வுக்கு 5. இருபது பேர் கையில் இருக்க, ஒரு சுயேச்சையைச் சேர்த்துக்கொண்டு ரங்கசாமி தனியாக ஆட்சி அமைத்தார். ஜெயலலிதா துரோகம் என்றார். முதலியார்பேட்டையிலிருந்து என் மைத்துனர் போன் பண்ணி, “அத்தான், நாங்க ரெண்டு இலைக்கும் சேர்த்துத்தானே போட்டோம்?” என்றார். நான் என்ன சொல்ல? எழுத்தில் ஒன்றும் இல்லாதபோது துரோகத்தை எந்தத் தாளில் நிரூபிப்பது?

அயர்லாந்தைக் கொஞ்சம் பார்க்கலாம். நம் அரசியல் சட்டத்தின் வழிகாட்டும் கோட்பாடுகள் அங்கிருந்து வந்தவை, அந்த உறவு போதும். 2020 பிப்ரவரியில் 160 இடத்துக்குத் தேர்தல். ஃபியன்னா ஃபாயில் 38, ஷின் ஃபேன் 37, ஃபினா கேல் 35. அதிக ஓட்டு வாங்கிய ஷின் ஃபேன் வெளியே நின்றது. உள்நாட்டுப் போரில் எதிரெதிராக நின்றவர்களின் வாரிசுக் கட்சிகள் இரண்டும் பசுமைக் கட்சியோடு சேர்ந்தன. இது மக்கள் தீர்ப்பா என்று அங்கேயும் சத்தம் போட்டார்கள், அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நாலு மாதம் பேசி, செயல்திட்டத்தை எழுதி வெளியிட்டு, மூன்று கட்சிகளும் தங்கள் கட்சிக்குள் அதை ஓட்டுக்கு விட்டன. முதலில் மீஹால் மார்ட்டின் பிரதமர், 2022 டிசம்பரில் லியோ வராட்கர் என்று ஒப்பந்தம். சொன்ன மாதத்தில் நாற்காலி கை மாறியது.

நம் பக்கத்து வீட்டுக் கர்நாடகத்தில் 20 மாதம் இவர், 20 மாதம் அவர் என்று உடன்பாடு. 2007 அக்டோபரில் குமாரசாமி இடம் கொடுக்க மறுத்தார். நவம்பரில் ஒருவழியாக எடியூரப்பா பதவியேற்றார், ஒரே வாரத்தில் அவர் ஆட்சியும் போயிற்று.

பங்கு கேட்பது கொள்ளையில் பங்கு பிரிக்கத்தான் என்று என் வாக்கிங் நண்பர் சொல்கிறார். இருக்கலாம். மந்திரி இல்லாதவர்கள் மட்டும் சும்மா இருந்தார்களா? தனிக்கட்சி ஆட்சிதான் உறுதியானது என்பதும் சரி. சத்துணவும் ரேஷன் அரிசியும் அப்படித்தான் வந்தன. தனியாக ஆள வேண்டுமானால் தனியாக ஓட்டுக் கேட்கட்டும், அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. சேர்ந்து கேட்டால், ஓட்டுப் பதிவுக்கு முன்பே நாலு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வெளியிட வேண்டும். சின்னக் கட்சியின் எந்த வாக்குறுதியைப் பெரிய கட்சி ஏற்கிறது, மந்திரிசபையில் இடம் உண்டா இல்லையா, 118 வராவிட்டால் யாரோடு போவார்கள், யாரோடு போக மாட்டார்கள். இல்லை என்றால் இல்லை என்றாவது எழுதட்டும்.

ஓட்டுக் கேட்டு நம் வீட்டு வாசலுக்கும் வருவார்கள். நான் கேட்கப்போவது அந்த நாலு பக்கத்தைத்தான். கொசஸ்தலை ஆறு எந்தப் பக்கத்தில் இருக்கிறது, கீழே யார் கையெழுத்து என்று காட்டச் சொல்வேன். நீங்களும் கேளுங்கள், என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.