சத்தமே வராத சவுண்ட் கார்டுக்கு எதுக்கு இவ்வளவு அக்கறை?

எச்சரிக்கை: கொஞ்சம் நீளமான பதிவு. பொட்டி தட்டுற மக்கள் நேரா உள்ள வந்துடலாம். மத்தவங்களும் பயப்பட வேணாம், முடிஞ்ச வரைக்கும் எளிமையா எழுதியிருக்கேன்.

லினக்ஸ் கெர்னலுக்குள்ள எஸ்.என்.டி.-டம்மின்னு ஒரு டிரைவர் இருக்கு. ஒரே ஒரு கமாண்ட் அடிச்சு அதை ஏத்திட்டா, உங்க மெஷின்ல புதுசா ஒரு சவுண்ட் கார்டு மாட்டின மாதிரி கெர்னல் நம்ப ஆரம்பிச்சிடும். வால்யூம் கன்ட்ரோல் வரும். பாட்டு போட்டா செகண்ட் ஓடும், முடியற நேரத்துல கரெக்டா முடியும். சத்தம் மட்டும் வராது. ராஜா பாட்டு போட்டாலும் அதே அமைதி, குத்துப்பாட்டு போட்டாலும் அதே அமைதி :-)

இந்த மாதிரி போலி டிரைவர்களைச் சுத்தித்தான் என்னோட மாஸ்டர்ஸ் பிராஜெக்ட். இங்க ஜெர்மனியில கூடப் படிக்கிற நம்ம பசங்ககிட்ட சொன்னா முதல்ல சிரிப்பாங்க, அப்புறம் "ஏன்டா, நிஜ ஹார்ட்வேர் எதுவும் கெடைக்கலையா?"ன்னு கேப்பாங்க. பகுதி நேர வேலைக்காக ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனப்பவும் (பேரு வேணாம்) இதே கேள்விதான், கொஞ்சம் மரியாதையான பாஷையில. டம்மின்னு பேர் வெச்சாலே டம்மி வேலைன்னு முடிவு பண்ணிடறாங்க. அது எவ்வளவு தப்புன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு நிஜ சவுண்ட் கார்டு என்ன பண்ணுதுன்னு பார்ப்போம். மெமரியில வட்டமா ஒரு பஃபர் இருக்கும். பாட்டு பாடற புரோகிராம் ஒரு பக்கம் எழுதிக்கிட்டே போகும், கார்டு பின்னாடியே படிச்சுக்கிட்டு வரும். குறிப்பிட்ட தூரம் படிச்சு முடிச்சதும் ஒரு இன்டரப்ட் குடுத்து "இவ்வளவு முடிச்சாச்சு, அடுத்ததைக் கொண்டா"ன்னு சொல்லும். கார்டுக்குள்ள ஒரு கிரிஸ்டல் இருக்கு. அதோட துடிப்புதான் எல்லாத்துக்கும் கடிகாரம்.

டம்மிகிட்ட கிரிஸ்டல் கிடையாது. கெர்னலோட டைமரைக் கடன் வாங்கித்தான் "நான் இப்போ எந்த இடத்துல இருக்கேன்"னு கணக்குப் போட்டுச் சொல்லணும். அதாவது சத்தத்தை விட்டுட்டு நேரத்தை மட்டும் நடிக்கிற டிரைவர் இது. இந்த நேரக் கணக்கு சுலபம்னு நினைக்காதீங்க.

சி.டி. தரத்துல ஒரு செகண்டுக்கு 44,100 ஃபிரேம். கெர்னல் டைமர் செகண்டுக்கு 250 தடவை துடிக்குதுன்னு வெச்சுக்குவோம். ஒரு துடிப்புக்கு 176.4 ஃபிரேம் வரும். கெர்னலுக்குள்ள தசமக் கணக்குப் போடறதைத் தவிர்ப்பாங்க, எல்லாம் முழு எண்தான். சரி, போனாப் போகுது 0.4-ன்னு விட்டுட்டா? செகண்டுக்கு 100 ஃபிரேம் காணாமப் போகும். ஒரு மணி நேரம் ஓடவேண்டிய ஒலிப்பதிவு எட்டு செகண்ட் லேட்டா முடியும். அதனால டம்மியோட கோடுல இருக்கற இடத்தை ஃபிரேம்ல வெச்சுக்காம, துடிப்பு எண்ணிக்கையால பெருக்கி வெச்சுக்கறாங்க. மிச்சம் எதுவும் கீழ சிந்தாது. நம்ம மளிகைக்கடை அண்ணாச்சி சில்லறைப் பாக்கியைக் கூட நோட்டுல எழுதி வெச்சுக்கறாரே, அதே கதைதான்.

இந்த நேர நடிப்பை நம்பிப் பெரிய பெரிய விஷயமெல்லாம் ஓடியிருக்கு. ஆஸ்டெரிஸ்க்னு ஒரு டெலிபோன் மென்பொருள். அதுல பல பேர் சேர்ந்து பேசற கான்ஃபரன்ஸ் வசதிக்கு ஒரு நேர ஆதாரம் வேணும். டெலிபோன் கார்டு மாட்டியிருந்தா அதுவே குடுத்துடும். கார்டு இல்லாதவங்க என்ன பண்ணாங்க? இசட்.டி.-டம்மின்னு ஒரு போலி டிரைவரை ஏத்திக்கிட்டாங்க. அது எந்த போனையும் இணைக்காது, நேரத்தை மட்டும்தான் எண்ணும். ஆனா அப்போ அது இல்லாம அவங்களுக்கு கான்ஃபரன்ஸ் ஓடியிருக்காது!

டம்மிக்கு ஒரு தம்பி உண்டு, பேரு எஸ்.என்.டி.-ஏலூப். ஒரு பக்கம் வாசிச்சதை இன்னொரு பக்கம் மைக்ல பேசின மாதிரி திருப்பிக் குடுக்கும். ஜிட்சி மீட்டிங்கை ரெக்கார்ட் பண்ற ஜிப்ரி இதை வெச்சுத்தான் சத்தத்தைப் பிடிச்சது. 2020 லாக்டவுன்ல யாராவது அப்படி ஜிப்ரியில பதிவு பண்ணின கிளாஸைப் பார்த்திருந்தீங்கன்னா, வாத்தியாரோட குரல் இல்லாத ஒரு சவுண்ட் கார்டு வழியா வந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

சரி, எழுதி வெச்சா முடிஞ்சுதே, அப்புறம் பராமரிக்க என்ன இருக்குன்னு கேப்பீங்க. நிறைய இருக்கு.

ஜரோஸ்லாவ் கைசெலா ஆரம்பிச்ச ஆல்சா 2002-ல கெர்னலுக்குள்ள வந்துச்சு. டம்மியும் அந்தக் காலத்து ஆள்தான். அதுக்கப்புறம் கெர்னல் எத்தனையோ தடவை தன் வீட்டை இடிச்சுக் கட்டியிருக்கு. உதாரணத்துக்கு 2017-ல டைமர் எழுதற முறையையே மாத்தினாங்க. பழைய முறையில டைமர் கூப்பிட வேண்டிய ஃபங்ஷனும் அதுக்குக் குடுக்க வேண்டிய மதிப்பும் பக்கத்துப் பக்கத்துலயே இருக்கும், மெமரியைக் கெடுக்கத் தெரிஞ்ச திருடனுக்கு ரெண்டும் சேர்ந்து மாட்டும். அதனால கெர்னல் பூரா எல்லா டிரைவரையும் திருத்தினாங்க. டம்மியும் ஏலூப்பும் டைமரை நம்பியே பொழைக்கிற ஆளுங்க, தப்பிக்க முடியுமா? 2025-லயும் டைமர் ஃபங்ஷன்களோட பேரை மாத்தினாங்க, மறுபடியும் அதே ஆணி. இந்த ஆணி எதையும் யாரும் ரெஸ்யூமேல போட்டுக்க முடியாது. ஆனா புடுங்கலைன்னா அடுத்த வெர்ஷன்ல கம்பைலே ஆகாது.

அதைவிட முக்கியமானது பிழை. டம்மிகிட்ட ரெண்டு கடிகாரம் இருக்கு: சாதா டைமர் ஒண்ணு, துல்லியமான டைமர் ஒண்ணு. எது வேணும்னு ஓடிக்கிட்டு இருக்கும்போதே மாத்தற வசதியும் இருந்துச்சு. பாட்டு ஓடிட்டு இருக்கும்போது மாத்தினா என்ன ஆகும்? முதல் கடிகாரத்துக்காக ஒதுக்கின மெமரியை, ரெண்டாவது கடிகாரம் தன்னோடதுன்னு நினைச்சுத் தொடும். ரெண்டோட அளவும் வேற வேற. விளைவு, கெர்னல் மெமரியே நாசம். 2016 ஜனவரியில ஆல்சாவைப் பராமரிக்கிற தகாஷி இவாய் முதல்ல அந்த சுவிட்சையே பூட்டி வெச்சார். அப்புறமா, ஒவ்வொரு ஸ்ட்ரீமும் தான் ஆரம்பிச்ச கடிகாரத்தையே கடைசி வரைக்கும் வெச்சுக்கிற மாதிரி ஒழுங்காத் திருத்தினாங்க. ரூட் உரிமை இருந்தாத்தான் அந்த சுவிட்சைத் தொட முடியும், வாஸ்தவம். இருந்தாலும் யோசிச்சுப் பாருங்க. நிஜ கார்டோட டிரைவர்ல பிழை இருந்தா அந்தக் கார்டு வெச்சிருக்கவனுக்குத்தான் பாதிப்பு. போலி டிரைவரை எந்த மெஷின்லயும் ஏத்தலாமே!

இப்போ எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம். "டம்மியில பாஸ் ஆகி நிஜ கார்டுல ஊத்திக்கிற கோடு எத்தனை? அதை நம்பி டெஸ்ட் பண்றதே ஏமாத்து வேலை இல்லையா?" நியாயமான கேள்வி. டம்மி வழக்கமா நிஜ பஃபரைக்கூட ஒதுக்காது. எவ்வளவு எழுதினாலும் எங்கயும் சேர்த்து வெச்சுக்காது. எழுதினது சரியான்னு அதுகிட்ட கேக்கவே முடியாது.

என் பதில் இதுதான். போலிக்கும் ஒரு வாக்கு உண்டு. டம்மி குடுக்கிற வாக்கு நேரம். ஏலூப் குடுக்கிற வாக்கு, போட்டது திரும்பி வரும்ங்கறது. போட்டது கெடாம வந்துச்சான்னு சரிபார்க்கவும், வேணும்னே தாமதத்தையும் பிழையையும் கிளப்பிப் பார்க்கவும் 2023-ல பி.சி.எம்.-டெஸ்ட்னு தனியா ஒரு டிரைவரே கெர்னலுக்குள்ள வந்துச்சு. மூணும் மூணு வாக்கு. டம்மி தலையில எல்லாத்தையும் கட்டாம, தனியா ஒண்ணு எழுதினாங்க பாருங்க, அதுதான் நல்ல பராமரிப்பு. குடுத்த வாக்கைக் காப்பாத்தறது பாதி வேலை. குடுக்க முடியாத வாக்கைக் குடுக்காம இருக்கறது மீதி வேலை. தராசு பொய் சொன்னா கடையில இருக்கற அத்தனை சாமானும் பொய் எடைதான். டெஸ்டுக்கு நாம வெச்சிருக்கற தராசு இந்த டிரைவர்கள்.

இன்னொரு காரணமும் இருக்கு, எனக்கு அதுதான் பெருசு. டிரைவர் எழுதக் கத்துக்கணும்னா போர்டு வாங்கு, கார்டு வாங்குன்னு சொல்லுவாங்க. நம்ம ஊர்ல ஒரு சாதாரண இன்ஜினியரிங் காலேஜ்ல படிக்கிற பையனோ பொண்ணோ அதுக்கெல்லாம் எங்க போறது? டம்மியோட கோடு ஆயிரத்துச் சொச்சம் வரிதான். பழைய லேப்டாப்ல ஒரு விர்ச்சுவல் மெஷின் போட்டா போதும். ஏத்தலாம், உடைக்கலாம், கெர்னல் படுத்துக்கிச்சுன்னா ரீஸ்டார்ட் பண்ணிக்கலாம், பத்து பைசா செலவில்லை. அந்த வாசல் திறந்தே இருக்கணும்னா, யாராவது ஒருத்தர் அந்தக் கதவுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டே இருக்கணும்.

அதனால பொட்டி தட்டுற மக்களே, அடுத்த தடவை ஒரு பொடியன் "டம்மி டிரைவர்ல ஒரு பேட்ச் போட்டேன்"னு சொன்னா சிரிக்காதீங்க. "எந்த வாக்கைக் காப்பாத்தினே?"ன்னு கேளுங்க. அவன் சொல்ற பதில்லயே ஆள் எப்படின்னு தெரிஞ்சிடும்.

டிஸ்கி: இந்தப் பதிவைப் படிச்சுட்டு யாராவது டம்மியை ஏத்திப் பார்த்து, "சத்தமே வரலை, பிழை இருக்கு"ன்னு பின்னூட்டம் போட்டா கம்பெனி பொறுப்பில்லை ;-)