350 கிலோமீட்டரைவிட நீளமான 1 கிலோமீட்டர்

கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் 1 மணி நேரம்தான். ஆனால், நகரிலிருந்து கேஎல்ஐஏ போகவே ஏறக்குறைய 1 மணி நேரம். சோதனை, காத்திருப்பு என்று சேர்த்தால் 4 மணி நேரத்தைத் தொட்டுவிடும். சாலை வழியாக ஜொகூர் பாரு போய்ச் சேரவும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். அதற்குப் பிறகு வரும் 1 கிலோமீட்டர் கடற்பாலம்தான் கணக்கையே கெடுக்கிறது. தீபாவளிக்கு முதல் நாள் அங்கே மாட்டியவர்களைக் கேளுங்கள்!

90 நிமிடப் பயணம் என்று சொல்லப்பட்ட அதிவேக ரயில் திட்டம் 2021 தொடக்கத்தில் ரத்தானது. கூலாயிலிருந்து விடியுமுன் மோட்டாரில் கிளம்பும் நம் பிள்ளைகளுக்கு அதைவிட முக்கியமானது, 2026 இறுதிக்குள் ஓடும் என அறிவிக்கப்பட்ட ஆர்டிஎஸ் ரயில். 4 கிலோமீட்டர், 5 நிமிடம். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும். புக்கிட் சாகாரில் மோட்டாரை நிறுத்த இடம் கிடைக்குமா, கட்டணம் கட்டுப்படியாகுமா என்பதுதான் அவர்களின் கேள்வி.