முளையா, மூளையா?



இந்த முறை ஒன்றாம் வகுப்பைப் பற்றி எழுதுகிறேன் என்றதும், "அந்தப் பொடிசுங்களைப் பத்தி எழுத என்னடி இருக்கு?" என்று என் பெஞ்சிலேயே சிரித்தார்கள். இருக்கிறது. நின்று படித்துவிட்டுப் போங்கள்.

நம் பள்ளியில் ஒன்று, இரண்டு, மூன்று எல்லாவற்றுக்கும் ஒரே டீச்சர்தான். அதனால் கடைசிப் பாடவேளையில் எட்டாம் வகுப்பிலிருந்து இரண்டு பேர் முறை வைத்துப் போய், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வாசிக்க வைக்கிறோம். ஆடி மாதத்தில் டீச்சர் அவர்களைக் கொட்டாங்குச்சி கொண்டுவரச் சொன்னார்கள். அதில் ஈரப் பஞ்சு வைத்து, ஊறின பச்சைப்பயறு நாலைந்து போட்டு ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்தாச்சு. மறுநாளே பயறு வெடித்து வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. "வால் முளைச்சிருக்கு!" என்று ஒரே கூச்சல். வால் இல்லை, வேர் என்று டீச்சர் சொல்லி, விதை, வேர், முளை, இலை என்று நாலு வார்த்தையைச் சீட்டில் எழுதி ஒட்டினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம். ஒரு தம்பி இருக்கிறான். ஜூன் மாதத்திலிருந்து குறிலும் நெடிலும் அவனுக்குத் தகராறு. அன்றைக்கு 'முளை' என்ற சீட்டை 'மூளை' என்று வாசித்தான். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அவன் அழவில்லை. சீட்டைப் பார்த்தான், கொட்டாங்குச்சியைப் பார்த்தான், "அய்யே, இதுல மூளை எப்டி இருக்கும்? முளைக்கா, முளை!" என்றான். நான் திருத்தவில்லை. பயறு திருத்தியது!

இதையே புத்தகத்தில் பார்த்துப் படித்திருந்தால் 'மூளை' என்றே போயிருப்பான். உ என்றால் உரல் என்று நாமும்தான் கத்தினோம். நம்மில் எத்தனை பேர் வீட்டில் உரல் இருக்கிறது? மிக்சி இருக்கிறது.

"முதல்ல எழுத்து படிக்கட்டும், அறிவியல் எல்லாம் பெரிய கிளாஸ்ல பாத்துக்கலாம்" என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். "பள்ளிக்கூடத்துல பஞ்சும் பயறும் வெச்சு விளையாட விடுறாங்க" என்று ஒரு அம்மா டீச்சரிடமே வந்து கேட்டார்கள். அவர்கள் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. பயறு முளைத்தால் மட்டும் இரட்டைக்கொம்பு தானாக வந்துவிடாது. தினமும் எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் ஒன்றை முடித்துவிட்டுத்தான் இன்னொன்று என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பார்த்ததைச் சொல்ல ஆசை வந்தால்தான் எழுத்து வேண்டும் என்று தோன்றும். 'வேர் நீளம்' என்று ஒரு பாப்பா தானாகவே சிலேட்டில் எழுதிக் காட்டினாள். 'நீலம்' என்றுதான் எழுதியிருந்தாள். இருக்கட்டும்.

என் சித்தி 2008-இல் ஒன்றாம் வகுப்பு படித்தபோது செயல்வழிக் கற்றல் இருந்ததாம். அதற்கு முந்தின வருடம்தான் தமிழ்நாடு முழுக்க வந்தது. பாயில் உட்கார்ந்து அட்டை அட்டையாகப் படிப்பார்களாம், வரைந்ததைக் கம்பிப் பந்தலில் தொங்கவிடுவார்களாம். அந்தக் கம்பி இன்னமும் நம் ஒன்றாம் வகுப்பில் சும்மா கிடக்கிறது. இப்போது 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும். கொரோனாவில் விட்டுப்போன படிப்பைப் பிடிக்கக் கொண்டு வந்தார்கள். அதில் பிள்ளைகளின் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர். பெயரெல்லாம் செடியிலிருந்து எடுத்தது, ஆனால் வகுப்புக்குள் ஒரு செடியாவது இருக்க வேண்டாமா?

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். டெங்கு ஒழிப்புக்காகப் பள்ளியைச் சுத்தம் செய்தோம் அல்லவா? தேங்காய்ச் சிரட்டை, டயர், உடைந்த குடம் எதிலும் தண்ணீர் நிற்கக் கூடாது, நல்ல தண்ணீரில்தான் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்று அறிவியல் சார் சொல்லியிருந்தார். நான்தான் குழுத் தலைவி. ஜன்னலில் இருந்த பதினேழு கொட்டாங்குச்சியையும் அள்ளிக் குப்பைக் குழியில் கொட்டிவிட்டேன். ரொம்பப் பொறுப்பாகச் செய்ததாக நினைப்பு வேறு.

மறுநாள் அதே தம்பி வந்து, "என் பயறு எங்கக்கா?" என்றான். டெங்கு, கொசு எல்லாம் விளக்கினேன். அவன் கேட்டுவிட்டு, "அதுல தண்ணியே இல்லையேக்கா, ஈரப் பஞ்சுதானே இருந்துச்சு" என்றான்.

எனக்குப் பதில் இல்லை. எட்டாம் வகுப்பு நான் பாடத்தை மனப்பாடமாக வைத்திருந்தேன். கொட்டாங்குச்சிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. ஒன்றாம் வகுப்பு அவன் பார்த்திருந்தான்.

அவன் இன்னொரு கேள்வியும் கேட்டு வைத்திருக்கிறான்: "பயறைத் தலைகீழா வெச்சா வேர் மேல போகுமா?" போகாது, வளைந்து கீழேதான் இறங்கும். புவிச்சார்பசைவு என்று அதற்குப் பெயராம், நமக்கே பெரிய வகுப்பில்தான் பாடம். ஆனால் அவனிடம் நான் விடை சொல்லவில்லை. அவனே வைத்துப் பார்க்கட்டும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆய்வக அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் கைலென்சுகளில் இரண்டை வாரம் ஒரு நாள் ஒன்றாம் வகுப்புக்குக் கொடுங்கள். உடைக்காமல் திருப்பித் தருவது எங்கள் பொறுப்பு. சீட்டுகளை அந்தக் கம்பியில் பிள்ளைகள் கைப்பட எழுதித் தொங்கவிடுவோம். தப்பாக இருந்தாலும் யாரும் கிழிக்க வேண்டாம்.

வியாழக்கிழமை மறுபடியும் பயறு போடுகிறோம். புதன்கிழமை சாயங்காலமே ஊற வைத்துவிடுவோம். பயறு இருக்கிறது, பஞ்சும் இருக்கிறது. கொட்டாங்குச்சிதான் பத்து குறைகிறது. வீட்டில் தேங்காய் உடைத்தால் எடுத்து வாருங்கள்.

— எட்டாம் வகுப்பு மாணவி