பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை



சென்ற மாதம் என் தங்கைக்குக் கர்ப்பப்பையை அகற்றும் சத்திரசிகிச்சை நடந்தது. என்னைத் துணைக்கு நிற்க விட்டார்கள். தியேட்டரிலிருந்து விடுதிக்குக் கொண்டுவந்ததிலிருந்து ஒரு தாதி பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வந்து நாடித்துடிப்பு, குருதி அமுக்கம், சுவாசம் எல்லாம் பார்த்துக் கட்டில் அட்டையில் குறித்தபடி இருந்தார். கண் அயர்ந்தவளை ஏன் இப்படி எழுப்புகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான்.

நாடி முதலில் 84, பிறகு 98, அதன்பின் 116. அமுக்கம் மட்டும் 110/70 இல் அப்படியே நின்றது.

"நோகுதா தங்கச்சி?"

"பெரிசா இல்லை மிஸ்."

அவர் அந்தப் பதிலோடு போய்விடவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், சிறுநீர்ப் பையைப் பார்த்தார், உடனே டொக்டரைக் கூப்பிட்டார். உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்ததாம். அன்றிரவே மீண்டும் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள்.

அடுத்த நாள் அந்தத் தாதி விளங்கப்படுத்தினார். இரத்தம் போகும்போது இதயம் வேகமாக அடித்து உடம்பைச் சமாளிக்கும். அமுக்கம் விழுவது பெரும்பாலும் பிந்தித்தான். ஆகவே ஒரு இலக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். முதல் ஓரிரு மணித்தியாலம் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை, பிறகு அரை மணி, ஒரு மணி, நாலு மணி என இடைவெளியைக் கூட்டுவது வழக்கமான விதி. வளர்ந்தவருக்குச் சிறுநீர் மணிக்கு 30 மில்லிலீற்றருக்குக் குறைந்தால் கவனிப்பார்கள். மோர்பின் ஊசி மூச்சை மந்தமாக்குவதால் மூச்சையும் எண்ணுவார்கள்.

"நித்திரை எண்டு விட்டிட்டால், அது நித்திரையோ மயக்கமோ எண்டு எப்பிடித் தெரியும் அக்கா?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இன்னொரு ஆஸ்பத்திரியில், இரவு முழுவதற்குமான கட்டங்களை விடியப்புறம் ஒரேயடியாக நிரப்பியதையும் கண்டிருக்கிறேன். ஆள் பற்றாக்குறை உண்மைதான். ஆனாலும் அந்த அட்டை வெறும் கடதாசி இல்லை. துணைக்கு நிற்பவர்களும் பார்த்துக்கொள்ளலாம்: உடம்பு குளிர்ந்து வியர்த்தால், தலை சுற்றினால், கட்டு நனைந்தால், எழுப்பியும் எழும்பாவிட்டால் அடுத்த முறை வரும்வரை காத்திராமல் கூப்பிடுங்கள்.

தங்கை தேறிய பிறகு கேட்டேன், "ஏனடி நோவைச் சொல்லேல்லை?"

"2009 இல செல் காயத்தோட மருந்தில்லாமல் கிடந்தனான் அக்கா. அதுக்கு முன்னால இதெல்லாம் ஒரு நோவோ எண்டு நினைச்சிட்டன்."

எங்களில் எத்தனை பேர் இப்படி! அன்று பின்னேரம் தாதி வந்து கேட்டபோது அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "நோகுது மிஸ்" என்றாள்.