தேன் குடிக்கும் கிளிக்குக் கூண்டு வேண்டாம்

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகும்போது நடைபாதையோரம் சிறு கூண்டோடு அமர்ந்திருக்கும் கிளி ஜோசியரைப் பார்த்திருப்பீர்கள். கூண்டுக் கதவு திறந்ததும் பச்சைக்கிளி நடந்து வரும். அடுக்கிய அட்டைகளில் ஒன்றை அலகால் எடுத்துக் கொடுக்கும். கூலியாக ஒரு தானியம் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். கிளி என்றால் நெல்லும் கொய்யாவும் மிளகாயும் தின்னும் என்ற எண்ணம் இந்தப் பச்சைக்கிளியைப் பார்த்துத்தான் நமக்கு வந்தது.

எல்லாக் கிளிகளும் அப்படியல்ல. நெல்லைக் கொடுத்தால் திரும்பியும் பார்க்காத கிளிகள் உண்டு. அவற்றின் உணவு பூந்தேனும் மகரந்தமும்தான். அவற்றுக்கு லோரி என்று பெயர். மலாய் மொழியில் நூரி. நமது ஆகாயப் படையில் 50 ஆண்டுகளுக்கு மேல் பறந்து 2020இல் ஓய்வுபெற்ற ‘நூரி’ ஹெலிகாப்டரின் பெயரும் இதுதான்.

சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று வண்ணப் பெட்டியைக் கவிழ்த்ததுபோல் இருக்கும் இந்தப் பறவை, கையில் ஏறும், தலைகீழாகத் தொங்கும், சில சொற்களைப் பேசவும் செய்யும். கைப்பேசியில் ஒரு காணொளி பார்த்தாலே “அப்பா, எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள்” என்று கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்பதற்கு முன் இந்தக் கட்டுரையைப் படித்துவிடுங்கள். லோரி நம் அடுக்குமாடி வீடுகளுக்கு ஏற்ற பறவை அல்ல என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

தூரிகை போன்ற நாக்கு

லோரிகளில் 50க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. வால் நீண்டவற்றை லோரிக்கீட் என்பார்கள். கிழக்கு இந்தோனேசியத் தீவுகள், பாப்புவா நியூகினி, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் ஆகியவையே இவற்றின் முக்கியமான தாயகம். மலேசியக் காடுகளில் ஒரு லோரி இனம்கூட இயற்கையாக வாழவில்லை.

இந்தப் பறவையின் சிறப்பு அதன் நாக்கில் இருக்கிறது. நாக்கின் நுனியில் மெல்லிய மயிர் போன்ற நீட்சிகள் ஏராளமாக இருக்கும். நாக்கை நீட்டும்போது அவை விறைத்து நின்று ஒரு தூரிகைபோல ஆகிவிடும். பூவுக்குள் நாக்கை விட்டுத் துழாவினால் தேனும் மகரந்தமும் ஒருசேர ஒட்டிக்கொண்டு வரும். தேனிலிருந்து சர்க்கரை கிடைக்கிறது. மகரந்தத்திலிருந்து புரதம் கிடைக்கிறது. ஒரு மரத்தில் பூ முடிந்தால் கூட்டம் அடுத்த மரத்தைத் தேடிப் பறந்துவிடும்.

இலவு காத்த கிளியின் கதை உங்களுக்குத் தெரியும். காய் பழுக்கும் என்று காத்திருந்து கடைசியில் பஞ்சைப் பார்த்து ஏமாந்தது. லோரியாக இருந்தால் ஏமாந்திருக்காது. பூப்பூத்த அன்றே தன் வேலையை முடித்துக்கொண்டு போயிருக்கும்.

உணவு மென்மையானது என்பதால் லோரியின் அரைவைப்பையும் மற்றக் கிளிகளுக்கு இருப்பதுபோல் வலுவானதல்ல. கடினமான விதைகளை அரைத்தே வாழ அதனால் முடியாது. ஆகவே கடையில் விற்கும் கிளித் தீனிப் பொட்டலம் இதற்கு உதவாது.

வீட்டில் என்ன நடக்கும்?

“தேன்தானே, கரைத்து வைத்தால் போயிற்று” என்று நினைக்கலாம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது, வெயில். கிள்ளான் பள்ளத்தாக்கில் பகல் வெப்பம் 32, 33 பாகை செல்சியஸ் வரை போகும். சர்க்கரையும் புரதமும் கலந்த நீர் இந்தச் சூட்டில் சில மணி நேரத்திலேயே புளித்துப் பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகும் குழம்பாகிவிடும். காலையில் ஊற்றிவிட்டுப் பள்ளிக்குப் போய், புறப்பாட நடவடிக்கை முடிந்து மாலையில் திரும்பும் மாணவர், அதுவரை பறவைக்குக் கெட்டுப்போன உணவையே வைத்திருக்கிறார் என்று பொருள். லோரிகளுக்கு வாயிலும் குடலிலும் தொற்று வர இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது, இரும்புச்சத்து. நமக்கு இரத்தசோகை வந்தால் கீரை சாப்பிடு என்பார்கள். லோரிக்கு இது நேர்மாறு. பூந்தேனில் இரும்பு மிகக் குறைவு. அதற்கேற்பப் பழகிய உடல், இரும்பு அதிகமுள்ள உணவு கிடைத்தால் அதைக் கல்லீரலில் சேர்த்து வைத்துக்கொண்டே போகும். நாளடைவில் கல்லீரல் கெட்டுப் பறவை இறந்துவிடும். வைட்டமின் சி மிகுந்த ஆரஞ்சு போன்ற பழங்கள் இரும்பை உடல் இன்னும் வேகமாக ஈர்க்கச் செய்யும். அன்போடு ஊட்டுவதே நஞ்சாகிவிடக்கூடும். வெறும் தேனும் ரொட்டியும் கொடுத்தாலும் தவறுதான். அதில் மகரந்தம் தரும் புரதம் இல்லை.

மூன்றாவது, எச்சம். நீராகாரம் உண்ணும் பறவையின் எச்சமும் நீராகவே இருக்கும். அதைக் கூண்டுக்கு வெளியே பீய்ச்சி அடிக்கும். சுவர், திரைச்சீலை, பாடப்புத்தகம் எதுவும் தப்பாது. கூட்டமாக வாழும் பறவை என்பதால் குரலும் பெரியது. அடுக்குமாடியில் மேல் வீடு, கீழ் வீடு எல்லாவற்றுக்கும் கேட்கும்.

நான்காவது, ஆயுள். நன்றாகப் பராமரித்தால் லோரி 20 ஆண்டுகளுக்கு மேல் வாழும். இன்று படிவம் 2இல் இருக்கும் உங்களுக்கு அப்போது 34 வயது. இடையில் எஸ்.பி.எம்., பல்கலைக்கழகம், வேலை, திருமணம் எல்லாம் வரும். அந்த நாள்களில் தினமும் பல முறை தேன்நீர் மாற்றப்போவது யார்? பெரும்பாலான வீடுகளில் அது அம்மாவாகத்தான் இருக்கும்.

“நன்றாக வளர்ப்பவர்களும் இருக்கிறார்களே?”

இருக்கிறார்கள். பெரிய பறவைக்கூடம் கட்டி, இரும்பு குறைந்த உணவைத் தேடி வாங்கி, பறவைகளைப் பார்க்கத் தெரிந்த விலங்கு மருத்துவரிடம் தவறாமல் கொண்டுபோகும் ஆர்வலர்களை நான் குறை சொல்லவில்லை. கூண்டிலேயே பிறந்து வளர்ந்த பறவைகளும் விற்பனைக்கு வருகின்றன என்பதும் உண்மை.

ஆனால் வாங்கப்போகும் பறவை கூண்டில் பிறந்ததா, காட்டில் பிடிபட்டதா என்பதை நம்மால் பார்த்தவுடன் சொல்ல முடியுமா? வடக்கு மலுக்கு தீவுகளில் மட்டுமே வாழும் ‘சட்டரிங் லோரி’ என்ற சிவப்பு லோரியும், தலாவுட் தீவுகளில் எஞ்சியிருக்கும் சிவப்பு–நீல லோரியும் வளர்ப்புக்காகப் பிடிக்கப்பட்டதால் பெருமளவில் குறைந்துபோனவை. முன்னது அழிய வாய்ப்புள்ள இனம். பின்னது அழியும் நிலையில் உள்ள இனம். அதனால்தான் சிவப்பு–நீல லோரி, ‘சைட்டிஸ்’ என்னும் அனைத்துலக வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் உள்ளது. உலகக் கிளி இனங்களில் நான்கைத் தவிர மற்ற எல்லாமே அந்த ஒப்பந்தத்தின் பட்டியல்களில் உள்ளன. லோரிகள் அனைத்தும் அதில் அடங்கும்.

இணையத்தில் வாங்குவது எளிது என்பதே இன்னொரு ஆபத்து. ‘டிராஃபிக்’ என்ற வனவிலங்கு வணிகக் கண்காணிப்பு அமைப்பு, தீபகற்ப மலேசியாவின் 14 பேஸ்புக் குழுக்களைக் கவனித்து 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நாளுக்கு அரை மணி நேரம் என்று ஐந்து மாதங்கள் பார்த்ததிலேயே 300க்கும் மேற்பட்ட காட்டு விலங்குகள் உயிரோடு விற்பனைக்கு வந்திருந்தன. நமது நாட்டில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 2008ஆம் ஆண்டு அருகிவரும் உயிரினங்களின் அனைத்துலக வணிகச் சட்டமும் நடப்பில் உள்ளன. உரிமமோ தாள்களோ இல்லாமல் வாங்கினால் அபராதமும் சிறையும் வரலாம். “எனக்குத் தெரியாது” என்று பெர்ஹிலித்தான் அதிகாரிகளிடம் சொல்லித் தப்பிக்க முடியாது.

திறந்துவிட்டால் புண்ணியமா?

வளர்க்க முடியாமல் போனால் பறக்கவிட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்க நல்லதாக இருக்கும். இதற்குக் கிள்ளானிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், காப்பித் தோட்டங்களைத் தின்ற புழுக்களை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து காக்கைகளைக் கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். காப்பித் தோட்டங்கள் போய்விட்டன. காக்கைகள் பெருகிவிட்டன. பிற்காலத்தில் அவற்றைக் கட்டுப்படுத்த நகராண்மைக் கழகம் துப்பாக்கிக்காரர்களை அழைக்க வேண்டியதாயிற்று.

லோரிக்கே ஓர் உதாரணம் வேண்டுமானால் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைப் பாருங்கள். வானவில் லோரிக்கீட் அந்நாட்டின் கிழக்குப் பகுதிப் பறவை. மேற்கே உள்ள பெர்த்தில் 1960களில் பத்துக்கும் குறைவான பறவைகள் வெளியே வந்தன. இன்று அவை பல்லாயிரமாகி, பழத்தோட்டங்களைச் சேதப்படுத்தி, உள்ளூர்ப் பறவைகளின் மரப்பொந்துகளைப் பிடித்துக்கொள்கின்றன. அங்கே அவற்றைத் தொல்லை தரும் பறவையாக அறிவித்துவிட்டார்கள்.

நம் நாட்டிலும் மரப்பொந்தை நம்பி வாழும் கிளிகள் உண்டு. அவற்றில் ஒன்று செரிண்டிட். சுமார் 12 சென்டிமீட்டர் நீளமே உள்ள பச்சை நிறக் குட்டிக்கிளி. வௌவாலைப்போலத் தலைகீழாகத் தொங்கித் தூங்கும். இதுவும் பூந்தேன் குடிக்கும் கிளிதான். வெளிநாட்டுத் தேன்கிளிக்கு ஆசைப்படும் நம்மில் எத்தனை பேருக்கு நம் சொந்தத் தேன்கிளியின் பெயர் தெரியும்?

வேறு வழி உண்டு

ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் பகுதியில் அலெக்ஸ் கிரிஃபித்ஸ் என்ற தேனீ வளர்ப்பாளர் பூந்தோட்டமும் வைத்திருந்தார். லோரிக்கீட் கூட்டங்கள் வந்து பூக்களை நாசம் செய்தன. அவர் வலை விரிக்கவில்லை. 1947 முதல் பறவைகளுக்குத் தனியாக உணவு வைத்தார். நாள்தோறும் வந்து உண்டுவிட்டுக் காட்டுக்குத் திரும்பிய அந்தப் பறவைகளைப் பார்க்க மக்கள் கூடினார்கள். அந்த இடமே இன்று கரம்பின் வனவிலங்குச் சரணாலயம். கூண்டு இல்லாமலும் பறவையோடு பழக முடியும் என்பதற்கு இது சான்று.

நாம் அதைவிட எளிதாகச் செய்யலாம். வாசலிலோ பால்கனியிலோ ஒரு செம்பருத்திச் செடியும் ஓர் இட்லிப்பூச் செடியும் வையுங்கள். செம்பருத்தி நம் தேசிய மலர். அம்மாவுக்குப் பூசைக்கும் ஆகும். சில நாள்களில் தேன்சிட்டு தேடி வரும். செம்பருத்தியின் அடிப்பகுதியில் அது வளைந்த அலகால் துளையிட்டுத் தேன் குடிப்பதைக் கவனியுங்கள். எத்தனை மணிக்கு வருகிறது, எந்தப் பூவுக்கு முதலில் போகிறது என்று ஒரு மாதம் குறித்து வைத்தால் அதுவே ஓர் அறிவியல் ஆய்வு. இடம் பிடித்துப்போனால் பால்கனிக் கம்பியிலேயே கூடு கட்டும். அதற்குத் தேன்நீர் கரைக்கவும் வேண்டாம், உரிமம் எடுக்கவும் வேண்டாம்.

லோரியையே பார்க்க வேண்டும் என்றால் 1991இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் பறவைப் பூங்காவுக்கு ஒரு விடுமுறை நாளில் குடும்பத்தோடு போய் வாருங்கள்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே லோரி இருந்தால், இதைப் படித்துவிட்டுக் கூண்டைத் திறந்துவிடாதீர்கள். லோரிக்கென்றே செய்யப்பட்ட, இரும்பு குறைந்த உணவை வாங்குங்கள். தேன்நீரைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிப் பாத்திரத்தை நன்கு கழுவுங்கள். வெண்ணெய்ப்பழம் எந்தக் கிளிக்கும் நஞ்சு, கொடுக்காதீர்கள். உரிமம் பற்றிப் பெர்ஹிலித்தானிடம் கேளுங்கள். வாங்கியாகிவிட்டது என்றால் அதன் ஆயுள் முழுவதும் அது நம் பொறுப்பு.

இன்னும் வாங்கவில்லை என்றால், அந்தப் பணத்தில் இரண்டு பூச்செடிகள் வாங்குங்கள். மீதிப் பணமும் கையில் இருக்கும்.