எல்லைக்கோட்டை வரைவது யார்?



பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் இராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் நின்றாலும், ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் நின்றாலும் காதில் விழும் சொல் ஒன்றுதான்: ‘கட்-ஆஃப்’. விருதுநகர் மாவட்டம் தேர்ச்சி விகிதத்தில் பலமுறை மாநிலத்தின் முதலிடத்தைப் பெற்றது, 2023-இல் 97.85 விழுக்காடு. ஆகவே தேறுவதைப் பற்றி இங்கே கவலை குறைவு. “இந்த ஆண்டு எல்லைக்கோடு எங்கே நிற்கும்?” என்பதே பெற்றோரின் கவலை. சோதிடத்தை ஏற்காத நம் இல்லங்களிலும் இந்த ஆரூடம் மட்டும் தடையின்றி நுழைந்துவிடுகிறது!

முதலில் அரபியைப் பற்றிய ஓர் எண்ணத்தைத் தெளிவுபடுத்திவிடலாம். மேல்நிலை வகுப்புகளில் முதல் மொழிப்பாடமாகத் தமிழுக்குப் பதிலாக அரபியைத் தேர்ந்தெடுக்க வழியுண்டு. அதில் மதிப்பெண் எளிதில் கிடைக்கும், அதனால் கட்-ஆஃப் உயரும் என்று கருதுவோர் நம்மில் பலர். பொறியியல் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மொழிப்பாடம் அதில் சேர்வதே இல்லை. அரசு கலைக்கல்லூரிகளிலும் மொழிப் பட்டப்படிப்புகளைத் தவிர்த்த ஏனைய பிரிவுகளுக்கு மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணே கணக்கு. அரபியை அரபிக்காகப் படியுங்கள். திருமறையின் மொழியை வெறும் மதிப்பெண் ஏணியாக்குவது அம்மொழிக்கும் பெருமையன்று. அந்த ஏணி எங்கும் எட்டுவதுமில்லை.

இங்கிலாந்துப் பள்ளிகளில் இலத்தீன் என்னும் தொன்மொழியில் தேர்வெழுதும் மாணவர்களுக்கும் இதே தவிப்பு உண்டு. எத்தனை மதிப்பெண்ணுக்கு எந்தத் தரம் என்ற எல்லையைத் தேர்வு வாரியம் விடைத்தாள்கள் திருத்தப்பட்ட பின்னரே வகுக்கிறது. வினாத்தாள் கடினமாக இருந்தால் எல்லை இறங்கும்; எளிதாக இருந்தால் ஏறும். அங்கே எல்லையை வகுக்கவாவது ஒரு வாரியம் இருக்கிறது. நம் கட்-ஆஃப் கோட்டை எவரும் வரைவதில்லை. கடைசி இடத்தைப் பெற்ற பிள்ளையின் மதிப்பெண்ணே, சேர்க்கை முடிந்த பின் அந்தப் பெயரைப் பெறுகிறது.

நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை இது இன்னும் நுட்பமானது. 2007-இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு கிடைத்தது. சிறுபான்மையினர் நடத்தாத ஒரு தனியார் பொறியியல் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரிவில் 60 இடங்கள் என்றால் அரசுக் கலந்தாய்வுக்கு வருவது 65 விழுக்காடு, அதாவது 39 இடங்கள். அதில் 3.5 விழுக்காடு எத்தனை? ஓர் இடமும் சிறிது பின்னமும்! ஆக, அப்பிரிவில் ‘சென்ற ஆண்டு முஸ்லிம் கட்-ஆஃப்’ என்று சொல்லப்படுவது ஏறக்குறைய ஒரே ஒரு பிள்ளையின் மதிப்பெண். அந்தப் பிள்ளை பொதுப்பிரிவிலேயே இடம் பெற்றிருந்தாலோ, வேறு ஊருக்குச் சென்றிருந்தாலோ அந்த எண் முற்றிலும் மாறியிருக்கும். ஒருவருடைய மதிப்பெண்ணை வைத்து அடுத்த ஆண்டின் எல்லையைக் கணிப்பதற்குக் கணிதத்தில் இடமில்லை.

ஆயினும் இந்தக் கணிப்பை நம்பித்தான் பணம் கைமாறுகிறது. “உங்கள் மகனுக்குக் கலந்தாய்வில் கிடைக்காது, இப்போதே நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டிவிடுங்கள்” என்று தரகர் அச்சுறுத்துவார். விசைத்தறியில் உழைத்துச் சேர்த்ததும், நகையை அடகு வைத்துப் பெற்றதும் தரவரிசைப் பட்டியல் வெளிவருமுன்பே போய்விடுகின்றன. பெண்பிள்ளைகளின் நிலை வேறு. “இந்த மதிப்பெண்ணுக்கு எங்கே கிடைக்கப் போகிறது?” என்ற ஒரே வாக்கியத்தில் விண்ணப்பம் போடாமலேயே படிப்பு முடிக்கப்படுகிறது. மகனுக்குக் கடன் வாங்கத் துணியும் அதே இல்லத்தில் மகளுக்கு விண்ணப்பக் கட்டணம்கூட வீண்செலவாகத் தோன்றுவது எனக்கு வியப்பன்று, வருத்தமே.

அப்படியானால் பழைய கட்-ஆஃப் பட்டியலால் பயனே இல்லையா? உண்டு. பல ஆண்டுப் பட்டியல்களைச் சேர்த்துப் பார்த்தால், எந்தக் கல்லூரியைப் பிள்ளைகள் மிகுதியாக விரும்புகின்றனர் என்பது தெரியும். அதற்கு மேல் அதனிடம் கேட்காதீர்கள். கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடைபெறுகிறது. நீங்கள் பதியும் விருப்பப் பட்டியலை முதலிலிருந்து வரிசையாகப் பார்த்தே இடம் ஒதுக்கப்படும். கிடைக்காது என்று எண்ணும் கல்லூரியை முதலில் குறிப்பதால் அடுத்த விருப்பங்களுக்கு எவ்விதக் குறையும் வராது. எனவே உண்மையான விருப்பத்தின் வரிசையிலேயே எழுதுங்கள். கிருஷ்ணன்கோவிலும் இராஜபாளையமும் பக்கத்தில் இருக்கின்றன என்பதற்காக மட்டும் பட்டியலை இரண்டு மூன்று பெயர்களோடு நிறுத்திவிடாதீர்கள்; மதுரையையும் திருநெல்வேலியையும் சேர்த்து நீளமாகவே எழுதுங்கள்.

இன்னொன்றை இப்போதே பெட்டியைத் திறந்து பாருங்கள். பிள்ளையின் சாதிச் சான்றிதழில் இராவுத்தர், லெப்பை, மரைக்காயர் என எதுவாயினும், பிரிவு ‘பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்’ என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். வெறும் ‘பிற்படுத்தப்பட்டோர்’ என்றிருந்தால் இ-சேவை மையத்தில் புதிய சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். முடிவுகள் வந்த வாரத்தில் அங்கே வரிசை மிக நீளமாக இருக்கும்.