பதினோரு பைசா மருந்தும் நம்ம ஊர் வயித்துப்போக்கும்



பி.காம். படிக்கிறவனுக்கு வயித்துப்போக்கைப் பத்தி என்ன பேச்சு, அதுக்குத்தான் டாக்டரும் நர்ஸும் இருக்காங்களே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இது மருத்துவ விஷயமாக இருக்கும் அளவுக்கு வியாபார விஷயமாகவும் இருக்கிறது. உலகத்திலேயே அதிக உயிர்களைக் காப்பாற்றிய மருந்துகளில் ஒன்று, மெடிக்கல் ஷாப்பில் இருபது முப்பது ரூபாய்க்குள் கிடைக்கிறது. அப்படியிருந்தும் அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை, கடைக்காரரும் எடுத்து நீட்டுவதில்லை. ஒரு நல்ல சரக்குக்கு ஏன் சந்தையில் கிராக்கி இல்லை? இதைத்தான் இன்றைக்கு அலசப் போகிறேன்.

எங்கள் ஊர் சுந்தரபாண்டியபுரம். ஆடி மாதம் சூரியகாந்தி பூத்தால் போட்டோ எடுக்க எங்கெங்கிருந்தோ வண்டி கட்டி வருவார்கள். பக்கத்திலேயே தென்காசி, அதைத் தாண்டினால் குற்றாலம். ஜூன் மாதம் சாரல் விழ ஆரம்பித்ததும் சீசன் களைகட்டும். அருவியில் குளியல், பசி, பரோட்டா, ரோட்டோரம் வெட்டி வைத்த பழம், எந்தத் தண்ணீரில் செய்ததோ தெரியாத ஐஸ்... சீசனோடு சேர்ந்தே வயித்தாலப் போறதும் வந்துவிடும். பெரியவர்கள் இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு வயது, இரண்டு வயதுக் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து. அவர்கள் உடம்பில் இருக்கும் தண்ணீரே கொஞ்சம். அது சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

அப்போது நம்ம வீடுகளில் என்ன நடக்கும்? முதல் வேலை, மெடிக்கலுக்குப் போய் "பேதி நிக்கிறதுக்கு ஒரு மாத்திரை குடுங்கண்ணே" என்பது. நிற்கவில்லை என்றால் கிளினிக். அங்கே "ஊசி போடலையா டாக்டர்?", "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திருங்களேன்" என்று நாமே ஆர்டர் கொடுப்போம். ஒரு பாக்கெட் பொடியை எழுதிக் கொடுத்துத் தண்ணீரில் கலந்து குடிக்கச் சொன்னால், "இவரு என்ன டாக்டரு, ஒரு ஊசிகூடப் போடல" என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் புலம்பிக்கொண்டே வருவோம்.

அந்தப் பொடிதான் ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்பு சர்க்கரைக் கரைசல். அதன் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

1971. வங்கதேசப் போர். லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்குள் வந்தார்கள். முகாம்களில் காலரா. பங்காவ் என்ற எல்லையோர ஊரின் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டவர் திலீப் மஹலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர். இரண்டே அறைகளில் நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தார்கள். ஏற்றுவதற்கு சலைன் பாட்டில் தீர்ந்துகொண்டிருந்தது. ஊசி குத்தி ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதவில்லை. அவர் ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. கொல்கத்தாவில் பொட்டலம் கட்டி எடுத்து வந்து, பெரிய டிரம்களில் கரைத்து, குழாய் வைத்து, நோயாளியின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். அம்மா, அக்கா, அப்பா, யார் கூட இருந்தார்களோ அவர்களேதான் நர்ஸ். கப்பில் பிடித்து வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் சிகிச்சை.

விளைவு? 30 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு, அந்தக் கரைசலைக் குடித்தவர்களிடையே 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. ஒரு லிட்டருக்கான பொருள் செலவு 11 பைசா. காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிற என்னை மாதிரி ஆளுக்கு இந்த ஒரு வரி போதும், வாயைப் பிளந்து உட்கார்ந்துவிட்டேன்.

அவர் இன்னொன்றும் செய்தார். ஜனங்களுக்கு ஏற்றுகிற பாட்டில் 'சலைன்' மீதுதான் நம்பிக்கை என்பதால், இதையும் 'குடிக்கிற சலைன்' என்றே சொல்லச் சொன்னார். மார்க்கெட்டிங் பாடத்தில் வைக்க வேண்டிய விஷயம்!

இது திடீரென்று உதித்த யோசனை இல்லை. 1953-லேயே கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி வாய்வழிக் கரைசலால் நோயாளிகளைக் குணப்படுத்தி எழுதியிருந்தார். 1968-இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோர் ஆராய்ச்சியாகவே நிரூபித்திருந்தார்கள். தத்துவம் எளிது. பேதியாகும்போது குடல் வெறும் தண்ணீரையும் உப்பையும் சரியாக உறிஞ்சாது. ஆனால் உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் ஜோடியாக வந்தால், குடல் சுவரில் இருக்கும் ஒரு கதவு இரண்டையும் சேர்த்து உள்ளே இழுக்கும். பின்னாலேயே தண்ணீரும் போகும். அளவு தப்பினால் இந்த வேலை நடக்காது. சர்க்கரை அதிகமானால் தண்ணீர் எதிர்ப்பக்கமாகக் குடலுக்குள் இழுக்கப்பட்டு பேதி கூடிவிடும். இப்போது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு (2002-இல் மாற்றியது) ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட்.

மஹலனாபிஸ் 2022 அக்டோபரில் இறந்தார். மறு வருடம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். உயிரோடு இருந்தபோது அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்து எங்கள் வகுப்பில் யாருக்கும் தெரியாது.

சரி, ஐம்பது வருடம் ஓடிவிட்டது. இப்போதாவது எல்லாருக்கும் கிடைக்கிறதா? தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) கணக்குப்படி, இந்தியாவில் வயித்துப்போக்கு வந்த குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். கொடுக்கப்பட்டவர்கள் 60.6 சதவீதம். முந்தைய ஆய்வில் (2015-16) இது 50.6. முன்னேற்றம்தான். ஆனாலும் பத்தில் நாலு குழந்தைகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. கூடவே கொடுக்க வேண்டிய ஜிங்க் மாத்திரை கிடைத்தது சுமார் 30 சதவீதக் குழந்தைகளுக்குத்தான். உலகம் முழுக்க வருடத்துக்கு நாலு லட்சத்துக்கும் மேல் குழந்தைகள் இன்னும் வயித்துப்போக்கால் சாகிறார்கள்.

ஏன்? வணிகவியல் மாணவனாக என் மனதில் உடனே தோன்றும் பதில், "லாபம் இல்லாத சரக்கை எவன் விற்பான்?" என்பது. ஆன்டிபயாடிக்கில் காசு, குளுக்கோஸ் ஏற்றுவதில் காசு, பொடியில் என்ன இருக்கிறது? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2024-இல் சயின்ஸ் இதழில் வந்த ஒரு ஆராய்ச்சி இந்தப் பதிலைப் புரட்டிப் போடுகிறது. கர்நாடகத்திலும் பீகாரிலும் 253 ஊர்களில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டாக்டர்கள், மருந்துக் கடைக்காரர்களிடம் நடிகர்களை அனுப்பினார்கள். "வீட்டில் இரண்டு வயதுக் குழந்தைக்கு வயித்தால போகுது" என்று சொல்ல வைத்தார்கள். ஓ.ஆர்.எஸ். எழுதிக் கொடுக்காததற்கு லாபக் கணக்கு காரணமாக இருந்தது 5 சதவீதம்தான். கையிருப்பு இல்லாதது 6 சதவீதம். பெரிய காரணம், 42 சதவீதம், என்ன தெரியுமா? "வர்றவங்க இதை விரும்ப மாட்டாங்க" என்று டாக்டர்களும் கடைக்காரர்களும் நினைத்துக்கொண்டதுதான். வந்தவரே ஓ.ஆர்.எஸ். வேண்டும் என்று சொன்ன இடங்களில், எழுதிக் கொடுப்பது 27 சதவீதப் புள்ளிகள் கூடிவிட்டது.

ஆக, நாம் வாய் திறந்து கேட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். "ஊசி போடலையா?" என்று நாம் கேட்கிற கேள்விதான் அவரை ஊசி போட வைக்கிறது. டிமாண்ட் இருந்தால் சப்ளை வரும் என்று முதல் வருடத்திலேயே படித்தோமே, அதேதான்.

பங்களாதேஷில் பிராக் என்ற அமைப்பு இதைச் செய்து காட்டியது. 1980 முதல் 1990 வரை வீடு வீடாகப் பெண் ஊழியர்கள் போய், வீட்டு உப்பையும் வெல்லத்தையும் வைத்து கரைசல் செய்யத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். ரசிக்க வேண்டிய இடம் சம்பள முறை. எத்தனை வீடு போனாய் என்று பார்த்துக் கூலி இல்லை. கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் போய் அந்தத் தாய்மாரில் சிலரைக் கேள்வி கேட்பார். எவ்வளவு நன்றாக நினைவு வைத்திருக்கிறார்களோ அதற்கேற்றபடி சொல்லிக்கொடுத்தவருக்குச் சம்பளம். நம்ம ஊர் விழிப்புணர்வு முகாம்களையும் இப்படிச் சோதித்துப் பார்த்தால் எத்தனை பேர் தேறுவார்கள் என்று யோசியுங்கள்.

இன்னொரு பக்கம், பெயரை மட்டும் திருடும் வியாபாரமும் நடந்தது. பழச்சாறு டப்பாவில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகளைச் சேர்த்து மருந்துக் கடையிலேயே விற்றார்கள். உள்ளே சர்க்கரை பல மடங்கு. நிஜமான மருந்து என்று நம்பிப் பேதியில் கிடக்கும் குழந்தைக்குக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு வருடம் விடாமல் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உணவுப் பொருட்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லே கூடாது என்று உத்தரவிட்டது. இதே ஆணையம்தான் 2022-லும் 2024-லும் ஒரு எச்சரிக்கை வரியோடு அதை அனுமதித்திருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. மருந்து மலிவாகிவிட்டால் அதன் பெயரை விலைக்கு விற்பார்கள் போல!

இனி, வீட்டில் செய்ய வேண்டியது. இவை மருத்துவ உலகம் பல வருடமாகச் சொல்லிவருபவைதான்:

1. பொடியை முழுசாக, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் (ஒரு லிட்டர் என்றால் ஒரு லிட்டர், 200 மில்லி என்றால் 200 மில்லி) கரைக்க வேண்டும். காய்ச்சி ஆறிய தண்ணீர் நல்லது. "இப்போதைக்குக் கொஞ்சம்" என்று பாதிப் பொடியைக் கண்மதிப்பில் கலக்கக்கூடாது. 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும்.

2. ஒவ்வொரு முறை பேதியான பிறகும் இரண்டு வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, இரண்டு முதல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி, அதற்கு மேல் குடிக்கிற அளவு. மடக் மடக்கென்று இல்லை. ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து இன்னும் மெதுவாகக் கொடுக்கலாம்.

3. பட்டினி போடக்கூடாது. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கஞ்சி, இட்லி, மோர்ச்சோறு என்று வழக்கமான சாப்பாடு கொடுக்கலாம். "வயித்துக்கு ஓய்வு குடுக்கணும்" என்று ஆச்சிமார் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கேட்க வேண்டாம்.

4. குழந்தைகளுக்கு டாக்டர் அறிவுரைப்படி ஜிங்க், 10 முதல் 14 நாள். பேதி நின்ற பிறகும் தொடர வேண்டும்.

5. பாக்கெட் கிடைக்காத அவசரத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கூல்டிரிங்க்ஸ் இதற்கு மாற்று இல்லை. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவு என்பதால் அது மட்டும் போதாது.

6. பேதியை நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரையைச் சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது. ரத்தம் கலந்து போனாலும் காய்ச்சல் இருந்தாலும் பெரியவர்களும் தாமாகப் போடக்கூடாது. தண்ணீராகப் போகும் பேதி பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் உதவாது.

7. கண் குழிந்து போவது, அழுதால் கண்ணீர் வராதது, நாக்கு வறள்வது, சிறுநீர் குறைவது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புவது, இவை நீர் வற்றியதன் அடையாளம். குழந்தை துவண்டு கிடந்தாலோ, குடிக்கவே முடியாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. அப்போது குளுக்கோஸ் ஏற்றத்தான் வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. கிட்னி, இருதயப் பிரச்சினை உள்ளவர்கள் எதையும் டாக்டரைக் கேட்டே குடிக்கட்டும்.

இதையெல்லாம் செய்ய டிகிரி தேவையில்லை. ராத்திரி முழுக்க முழித்திருந்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஸ்பூனை நீட்ட ஒரு ஆள் வேண்டும். பங்காவில் வேலை செய்தது பொடி மட்டும் இல்லை, அதைக் கையில் பிடித்து உட்கார்ந்திருந்த தாய்மாரும்தான். மாத்திரை போட்டுவிட்டு நாம் தூங்கிவிடலாம், ஓ.ஆர்.எஸ். கொடுத்தால் தூங்க முடியாது. நமக்கு மாத்திரை பிடித்துப்போனதன் ரகசியமே இதுதான் என்பது என் சந்தேகம்.

எனவே நண்பர்களே, என் கட்சி இதுதான். டாக்டரையும் கடைக்காரரையும் மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்த முறை மெடிக்கலில் நிற்கும்போது, பேதி மாத்திரைக்குப் பதிலாக "உலக சுகாதார நிறுவன அளவுப்படி உள்ள ஓ.ஆர்.எஸ். பாக்கெட் குடுங்க" என்று கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிராம சுகாதார செவிலியரிடமும் இலவசமாகவே தருகிறார்கள், கேட்டு வாங்கி வீட்டில் இரண்டு பாக்கெட் வைத்திருங்கள். சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் எண்ணெய், சோப்போடு அதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நாம் கேட்காதவரை அது அலமாரியின் பின்வரிசையிலேயே தூசி படிந்து கிடக்கும்.

அன்புடன்,
சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஒரு வணிகவியல் மாணவன்